நேராகச் சிரிக்கிற படம்

எங்கள் வீட்டில் டிவிக்கு மேலே என் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. மஞ்சள் நீராட்டு விழாவுக்காக எடுத்தது. பட்டுப் புடவை, வாடகை நகை, தலை கொள்ளாத பூ, பின்னால் செஞ்சிக் கோட்டை மதில். படத்தில் நான் சிரிக்கிறேன், நன்றாகவே சிரிக்கிறேன். உதட்டின் இரண்டு ஓரமும் ஒரே உயரத்துக்கு ஏறியிருக்கின்றன. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு நாகரிகம் தெரிந்தவர்களாக இருந்தால் டிவியைப் பார்ப்பார்கள். நாகரிகம் தெரியாதவர்கள் இது உன் தங்கச்சியா என்று கேட்பார்கள். எனக்குத் தங்கை இல்லை.

என் வலது உதட்டோரம் ஒரு மச்சம் உண்டு. படத்தில் இருப்பவளுக்கு இரண்டு பக்கமும் மச்சம் இருக்கிறது. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் இடது காதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு வழியில்லை. என் கதை எதைத் தொடங்கினாலும் அந்தக் காதில்தான் போய் நிற்கும்.

பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த வயதில் எனக்குச் சளி பிடித்தது. சளியோடு காது வலி. வலி என்றால் அப்படி ஒரு வலி, காதுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு ஊசியால் தைப்பது மாதிரி. அழுது அழுது தூங்கிப்போனேன். எழுந்தபோது தலையணை ஈரமாக இருந்தது, மஞ்சளாக, நாற்றத்தோடு. வலி மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. காதுக்குள் இருக்கிற சவ்வு கிழிந்து சீழ் வெளியே வந்துவிட்டது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வலி நின்றது, பிள்ளை சிரித்தது, அவ்வளவுதான். உள்ளே இருந்த கெட்டது வெளியே வந்துவிட்டது என்று அம்மா நிம்மதியாக என் தலையணை உறையைத் துவைத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சளிக்கும் காது ஒழுகியது. கொஞ்ச நாளில் சளி இல்லாவிட்டாலும் ஒழுகியது. 'காதுல சீ வயுது' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், மூக்கில் சளி வழிவதைச் சொல்கிற அதே சாதாரணக் குரலில். தெருவில் நான் ஒருத்திதான் என்று இல்லை. காதில் பஞ்சு வைத்த பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். பலருக்குத் தானாகவே நின்றும் போனது. அதனால்தான் யாரும் பயப்படவில்லை.

அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். லைனிங் துணியில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் திரியாக உருட்டி, காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன் என் காதைத் துடைத்துவிடுவார். யாருக்கு என்ன நிறத்தில் ஜாக்கெட் தைக்கிறாரோ அந்த நிறத்தில் அன்றைக்கு என் காதுக்குத் திரி. கிளிப்பச்சை, ரத்தச் சிவப்பு, கல்யாண சீசனில் அரக்கு. துடைக்கிற கை பூ மாதிரி இருக்கும். ஊசியைப் பிடிக்கிற அந்தக் கையால் என் காதுக்கு ஒரு சின்ன வலியும் வந்ததில்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இனி சொல்லப்போவதை வைத்து என் அம்மாவை நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. நான் திட்டலாம். நீங்கள் திட்டக் கூடாது.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஊற்றினார்கள். மெடிக்கலில் கேட்டு ஒரு மருந்து வாங்கி ஊற்றினார்கள், காதுக்குள் அது சோடா மாதிரி நுரைத்துப் பொங்கும். நுரை வந்தால் அழுக்கு வருகிறது என்று எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். டாக்டரிடமும் போனோம். அவர் சொட்டு மருந்து கொடுத்தார், காய்ந்தது. அடுத்த மழைக்குத் திரும்பி வந்தது. இப்படியே காய்வதும் ஒழுகுவதுமாக நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கென்று ஒரு இடம் இருந்தது. ஜன்னலோரம், என் இடது காது ஜன்னலைப் பார்க்கிற மாதிரி. டீச்சர் நல்லவர், நாற்றம் என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காற்று வரும், உட்காரு என்றார். காற்று எனக்கு வருவதற்காக அல்ல, என்னிடமிருந்து வெளியே போவதற்காக என்று வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து நகர்ந்து ஒரு நாள் கீழேயே விழுந்தாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் நேராகத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன், அது ஒரு பெரிய சொத்து என்று தெரியாமல்.

ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த ஒரு டாக்டரம்மா விளக்கை வைத்து ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு, இது சாதாரண ஒழுகல் மாதிரி தெரியவில்லை, நாற்றம் சரியில்லை, விழுப்புரமோ பாண்டியோ கூட்டிக்கொண்டு போய் காது டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். என் நைனா நெல் மண்டியில் எடை போடுகிறவர். அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்குப் போகலாம் என்றார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபரேஷன் என்றுதான் சொல்வார்கள், காதுக்குப் பின்னால் கத்தி வைப்பார்கள், முடியை வழிப்பார்கள், பொம்பளைப் பிள்ளைக்கு அந்தத் தழும்பை எங்கே கொண்டுபோய் மறைப்பது என்று கேட்டார். நைனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது அம்மா தன் முடிவான வாதத்தை எடுத்து வைத்தார். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"எனக்கும் இப்டித்தான் வயிஞ்சினு இருந்துச்சு. பெரியவளானேன், நின்னுடுச்சு. இவளுக்கும் நின்னுடும்."

அது பொய் இல்லை. அம்மாவுக்கும் சின்ன வயதில் காது ஒழுகியிருக்கிறது. வயதுக்கு வந்த வருடம் நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு நாளும் தொல்லை இல்லை, இந்த வயதிலும் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தில் என்ன அரைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அம்மா மட்டுமல்ல, அத்தைக்கு நின்றிருக்கிறது, எதிர்வீட்டு அக்காவுக்கு நின்றிருக்கிறது. உடம்பு சூடு அந்தச் சமயத்தில் வேறு வழியாக இறங்கிவிடும், அதனால் காது காய்ந்துவிடும் என்று ஒரு விளக்கமும் வைத்திருந்தார்கள். தன் உடம்பிலேயே நடந்ததைப் பார்த்தவரிடம் யார் என்ன பேச முடியும்? அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா பாண்டிக்குப் போகாமல் மண்டிக்குப் போனார்.

அப்புறம் என்ன, காத்திருந்தார்கள். மற்ற வீடுகளில் பெண் பிள்ளை வயதுக்கு வருவது என்றால் செலவு, கவலை. எங்கள் வீட்டில் மட்டும் திண்டிவனம் பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி அதற்குக் காத்திருந்தார்கள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். இன்னும் இல்லையா என்பார்கள். உளுந்தங்களி சீக்கிரமே ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருக்கும், ஆனால் நானும் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. அந்த நாள் வந்தால் நாற்றம் போகும், ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வகுப்பின் நடுவில் போய் உட்காரலாம் என்று நினைத்தேன்.

வந்தது. எட்டாம் வகுப்பு முழு ஆண்டு லீவில். காது நின்றும் போனது.

இதைத்தான் என்னால் இன்றைக்கும் யாரிடமும் ஒழுங்காகச் சொல்ல முடிவதில்லை. அம்மா சொன்னபடியே நின்றது. ஒரு வாரமாகத் திரி காய்ந்து வந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார். சந்தோஷத்தில் அழுதார். மேல்மலையனூர் கோயிலுக்குப் போய் வெள்ளித் தகட்டில் செய்த சின்னக் காது ஒன்றை உண்டியலில் போட்டார். அதைப் போடுவதற்கு முன்னால் என் இடது காதில் வைத்து எடுத்தார். சில்லென்று இருந்தது.

விழாவை நன்றாகச் செய்ய வேண்டும் என்று அம்மாவுக்குத் திடீரென்று ஆசை வந்துவிட்டது. மண்டபம் பிடித்தார்கள். தாய்மாமன் சீர்வரிசை, வாசலில் பெரிய ஃபிளெக்ஸ், அதில் போட என் படம். போட்டோ எடுப்பதற்கு முந்தின நாளிலிருந்து எனக்குக் காதுக்குப் பின்னால் வலி. சொன்னேன். வாடகைக்கு எடுத்த ஜிமிக்கியைப் போட்டுப் பார்த்திருந்தேன், அது நல்ல கனம், மாட்டலோடு சேர்ந்து காதையே இழுக்கும். ஜிமிக்கி கனம் என்றார்கள். இடது கண்ணில் தண்ணீர் கொட்டியது. கண்மை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். தலை வலித்தது. பூ பாரம் என்றார்கள். விழாவில் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. பிள்ளைக்குக் காது சரியாகிவிட்டது என்பது முடிந்துபோன விஷயம், அதனால் காது என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

கோட்டைக்குள் பெரிய கேமராவை விட மாட்டார்கள் என்று போட்டோக்கார அண்ணன் என்னை வெளியே அகழியோரம் நிற்க வைத்தார். பின்னால் மதில், அதற்கு மேலே மலை. கற்களெல்லாம் சுட்டுக்கொண்டிருந்தன. சிரி பாப்பா என்றார். சிரித்தேன். அவர் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் நேரா சிரி பாப்பா."

நேராகத்தான் சிரிக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. மறுபடி சிரித்தேன். மறுபடியும் அதையே சொன்னார். கன்னத்தை ஊதி விடு என்றார், ஊதினேன், காற்று ஒரு பக்கமாகப் போய்விட்டது. கூட வந்திருந்த அத்தை மகள்கள் சிரித்தார்கள். அம்மா எனக்கு வெட்கம் என்று அவரிடம் சொன்னார். யாருக்கு வெட்கம்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெயில் ஏறிக்கொண்டே போனது. அந்த அண்ணன் பாவம், நல்ல மனுஷன். விடுங்கக்கா, கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம் என்று சொல்லி கேமராவைப் பையில் வைத்தார்.

கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டார். சரியாக இருந்த வலது பக்கத்தை அப்படியே எடுத்து இடது பக்கத்தில் திருப்பி ஒட்டினார். வாய் நேராகிவிட்டது, கண் நேராகிவிட்டது. மச்சத்தை அழிக்க மறந்துவிட்டார். மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு மேலே அந்த ஃபிளெக்ஸ் நின்றது. வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து, பொண்ணு லட்சணம் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்கள். உள்ளே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். வாசலிலேயே பார்த்துவிட்டதால் என் முகத்தை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. கோபத்தில் சொல்கிறேன் என்றால் இருக்கட்டும்.

நலங்கு வைக்கும்போது அத்தை பாலும் பழமும் கொடுத்தார். பால் இடது வாயோரமாக வழிந்து புடவையில் விழுந்தது. பட்டு கெட்டுப்போகிறது, ஒழுங்காகக் குடி என்று யாரோ அதட்டினார்கள். துண்டை எடுத்துத் துடைத்தார்கள். மறுபடியும் வழிந்தது. கண் பட்டுவிட்டது, சாயங்காலம் சுற்றிப் போட வேண்டும் என்று ஒரு பெரியம்மா சொன்னார். தலைக்குள் பம்ப்செட் ஓடுவது மாதிரி இருந்தது எனக்கு. வாந்தி வருகிற மாதிரியும் இருந்தது. சொல்லலாம் என்றால், மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

நைனா அதுவரை வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அந்த ஃபிளெக்ஸுக்குப் பக்கத்திலேயே, காலையிலிருந்து. சாப்பாடு நடந்துகொண்டிருந்த நேரத்தில் உள்ளே வந்தவர் என் முன்னால் நின்றார். அவர் மண்டியில் தராசு முள்ளைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன், தலையைக் கொஞ்சம் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. என் முகத்தை அப்படித்தான் பார்த்தார். திரும்பி வாசலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, வாய் ஒரு பக்கமா போவுது?"

அம்மா ஓடி வந்தார். ஒன்றுமில்லை, வெட்கப்படுகிறாள் என்றார். நைனா என்னிடம் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். எனக்கு இடது கண் மூடவில்லை என்பதே தெரியவில்லை, மூடின கண்ணோடு நைனாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என் தோளில் கை வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். இப்போதே பாண்டி போகலாம், வண்டி பிடி என்றார். அம்மா கெஞ்சினார். சீர் வைத்தவர்கள் இன்னும் சாப்பிடவில்லை, பந்தியில் ஆள் இருக்கிறது, பாதியில் பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும், சாயங்காலம் போகலாம் என்றார். என் நைனா என் அம்மா மேல் ஒரு நாளும் கை நீட்டியவர் இல்லை. அன்றைக்கும் இல்லை. அம்மாவைச் சுற்றிக்கொண்டு நடந்தார், அவ்வளவுதான். பட்டுப் புடவையோடும் ஜிமிக்கியோடும் என்னைத் தூக்கி வாடகை காரில் போட்டார். அம்மா கடைசி நொடியில் வந்து ஏறிக்கொண்டார். கார் கிளம்பும்போது நான் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்தேன். காற்றில் அது ஆடிக்கொண்டிருந்தது.

பாண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள். வயதான டாக்டர் ஒருவர், மெதுவாகப் பேசுகிறவர், என் அம்மாவையும் நைனாவையும் உட்கார வைத்துச் சொன்னார். என்னை வெளியே அனுப்பவில்லை, அதனால் எனக்கும் தெரியும். நடுக்காதில் தோல் மாதிரி ஒன்று வருடக்கணக்காக வளர்ந்து எலும்பைத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. கேட்கிறதுக்கு வேண்டிய சின்ன எலும்புகள் போய்விட்டன. முகத்துக்குப் போகிற நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது, அதையும் தொட்டுவிட்டது. இன்னும் கொஞ்சம் மேலே போனால் மூளை. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். காதைக் காப்பாற்ற முடியாது, பிள்ளையைக் காப்பாற்றலாம். முகம் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றும் புரியாதவர் மாதிரி டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏதோ தப்பான பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று திருத்துவது போல, மரியாதையாகச் சொன்னார்.

"ஆனா டாக்டர், நின்னுடுச்சே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நிக்கலம்மா. உள்ளே சதை வளர்ந்து வாசலை அடைச்சிடுச்சு. வெளிய வந்ததெல்லாம் உள்ள போக ஆரம்பிச்சிடுச்சு."

அம்மா அழவில்லை. தன் கைகளைப் பார்த்தார். அந்தக் கைகளில் நலங்கு மஞ்சள் இன்னும் போகவில்லை.

உங்களுக்கு நின்றது வேறு ஒழுகல், அது பெரும்பாலும் நின்றுவிடும், இது வேறு என்றும் டாக்டர் சொன்னார். அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இரண்டுக்கும் வெளியே வருவது அதே மஞ்சள். வித்தியாசத்தை அந்த டாக்டரம்மா மூக்கை வைத்துக் கண்டுபிடித்தார். நாங்கள் அந்த நாற்றத்துக்குப் பழகிப்போயிருந்தோம்.

காதுக்குப் பின்னால் கத்தி வைத்தார்கள். முடியை வழித்தார்கள். அம்மா எதற்குப் பயந்தாரோ அது எல்லாம் நடந்தது, அது ஒன்றும் பெரிய விஷயமே இல்லை. தழும்பை முடி மறைத்துவிட்டது. முகம்தான் முடியால் மறையவில்லை. ஒரு வருடத்தில் பாதி திரும்பி வந்தது. கண் மூடுகிறது, பால் வழிவதில்லை. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. சிரித்தால் தெரியும். வலது பக்கம் ஏறும், இடது பக்கம் அப்படியே நிற்கும், ஏதோ கிண்டல் செய்கிறவள் மாதிரி. இதனால் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். கொஞ்சம் திமிரும் உண்டுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் படத்தைக் கழற்றிப் போடச் சொல்லி அம்மாவிடம் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். அம்மா கேட்கவில்லை. பெண் கேட்டவர்களுக்கு அந்தப் படத்தைத்தான் கொடுத்து அனுப்பினார். படத்தை நம்பி வந்தவர்கள் டிபனைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். என்னைக் கட்டிக்கொண்டவர் படத்தைப் பார்க்காதவர். வல்லம் போகிற பஸ்ஸில் தினமும் என்னைப் பார்த்தவர், கண்டக்டரோடு நான் சில்லறைக்குச் சண்டை போடுவதைப் பார்த்துச் சிரித்தவர். அவர் சிரித்தபோது நானும் சிரித்துவிட்டேன். ஒளித்து வைக்க நேரமில்லை. அது ஒன்றுதான் இந்தக் கதையில் நல்லபடி நடந்தது, அதைப் பற்றி அதிகம் பேசிக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் அம்மா வீட்டிலேயே இருந்தோம், அப்போதும் ஒரு நாள் படத்தைக் கழற்ற நாற்காலி போட்டு ஏறினேன். அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று தடுக்கவில்லை. மெஷினை மட்டும் நிறுத்தினார்.

"அந்தப் படத்துல இருக்கிற உன்னை மட்டும்தான்டி நான் கெடுக்காம வெச்சிருக்கேன்" என்றார்.

நான் இறங்கிவிட்டேன். படம் அங்கேயே இருக்கிறது. அம்மா மேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. என் இடது பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டு நான் திரும்பாதபோதெல்லாம் வருகிறது. வந்த கோபத்தோடு அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். இரண்டும் நடக்கிறது.

என் மகளுக்கு இப்போது யூகேஜி. போன மழைக்கு அவளுக்குச் சளி பிடித்தது. நானும் அவரும் வேலைக்குப் போய்விடுவதால் பகலில் அம்மாதான் பார்த்துக்கொள்வார். அன்றைக்கு நான் வேலை செய்கிற கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து வந்தார். கையில் மகளின் தலையணை உறை. அதில் ஒரு மஞ்சள் கறை, உள்ளங்கை அளவுக்குக்கூட இல்லை. அம்மா அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னிக்கே கூட்டினு போ. இப்பவே போ" என்றார். அப்புறம் தானும் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

போனோம். விழுப்புரத்தில் காது டாக்டர். பஸ் முழுக்க நான் மகளை என் வலது பக்கம் உட்கார வைத்துக்கொண்டேன், அந்தப் பக்கம் இருந்தால்தான் அவள் முனகினால்கூட எனக்குக் கேட்கும். அந்தப் பக்கம் ஜன்னல் இல்லை என்று அவள் சிணுங்கினாள். டாக்டர் பார்த்தார், சவ்வில் சின்ன ஓட்டை, இது சாதாரணம்தான், மருந்து தந்தால் மூடிக்கொள்ளும் என்றார். அம்மா மூன்று தடவை, நல்லாப் பாருங்க டாக்டர், நல்லாப் பாருங்க என்றார். அவர் சலித்துக்கொள்ளாமல் திரும்பவும் பார்த்தார். மருந்து கொடுத்தோம். காய்ந்தது. நாங்கள் நம்பவில்லை, திரும்பக் கொண்டுபோய்க் காட்டினோம். ஓட்டை மூடிவிட்டது என்றார்கள். காது கேட்கிறதா என்று சோதிக்கிற மெஷின் முன்னால் உட்கார வைத்துப் பார்த்தோம், நன்றாகக் கேட்கிறது. ஒரு குறையும் இல்லை. என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒன்று மாறிவிட்டது. அவள் சிரித்தால் நான் பார்க்கிறேன். சந்தோஷமாகப் பார்ப்பதில்லை. வாயின் வலது ஓரம், இடது ஓரம், இரண்டும் சமமாக ஏறுகிறதா, கண்கள் இரண்டும் ஒரே மாதிரி சுருங்குகிறதா என்று பார்க்கிறேன். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பார்த்து முடிப்பதற்குள் சிரிப்பு முடிந்துவிடும். வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், முடியவில்லை. அம்மாவும் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

இது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது என்றுதான் இருந்தேன்.

நேற்று அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மைப் படத்தில் ஒரு பூனை ஏணியிலிருந்து விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாதியில் நிறுத்தினாள். அந்தச் சிரிப்பைக் கலைக்காமல் அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு, ஸ்கூலில் போட்டோ எடுக்க நிற்பது மாதிரி, என் பக்கம் திரும்பினாள்.

"பாத்துட்டியாம்மா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். அவள் அதே முகத்தோடு மெஷின் பக்கம் திரும்பினாள். "ஆயா, நீ?"

அம்மாவும் தலையை ஆட்டினார். இருவருக்கும் காட்டி முடித்ததும் அவள் எழுந்து, மிச்சச் சிரிப்பைச் சிரிப்பதற்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். டிவி ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு மேலே நான் நேராகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.